பிற குறிப்புகள்

படிவத்தில் பதினான்கு கட்டங்கள்.
சரிவின் கோணம்: முப்பத்தெட்டு பாகை.
காற்று: வடமேற்கிலிருந்து, மூன்று நாள் ஓயாமல்.
தரையிலிருந்து எழுபது சென்டிமீட்டரில்
சீனிபோல் உதிர்கிற பழைய பனி,
அதன் முதுகில் ஜனவரி முழுதும் பெய்தது.
'காரணம்' என்ற கட்டத்தில் இவ்வளவும் எழுதினேன்.
விரல் விறைத்ததால் எழுத்து கோணியிருக்கிறது.

கிராபுண்டன் மலையில்
பிரவாலேடா என்றொரு சிற்றூரின் மேற்கோடி.
பனிச்சரிவின் வழியில் இரண்டு கட்டடங்கள்.
வீடு இல்லை.
ஆட்டுக்கொட்டில் இருக்கிறது.
அதற்குச் சற்று மேலே பனி
வகிடெடுத்த மாதிரி இரண்டாகப் பிரிந்து
இருபுறமும் இறங்கிப் போயிருக்கிறது.
கொட்டிலுக்குள் ஏழு ஆடுகளும் உர்சினா கடோனாவும்.
வீட்டுக்குள் அவள் தம்பி ஜியோன்.

"எழுது," என்றாள் உர்சினா.
"சுற்றிக்கொண்டு போனது என்று எழுது.
யார் சுற்றிப்போகச் சொன்னார்கள் என்பதையும்."

அன்றிரவு லுசேர்னில் இருக்கும் தங்கையிடம் சொன்னேன்:
தெய்வாதீனமாக ஒருத்தி பிழைத்தாள்.
நாக்கு என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.
ஒரே சொல்லில் ஒரு முழு ஆய்வறிக்கை.
அதில் பிழை கண்டுபிடிக்க யாராலும் முடியாது,
அதுதான் அதன் பிழை.
தெய்வம் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால்
அடுத்த குளிர்காலத்துக்குத்
தடுப்புவேலியை எந்த மேட்டில் நடுவார்கள்?
அப்புறம் இன்னொன்று.
கொட்டிலுக்கு மேல் ஒரு கையை வரைந்தால்
அதே கையை வீட்டுக்கு மேலும் வரைய வேண்டும்.
அதற்கு எனக்குத் தெம்பில்லை.

"ஒருவேளை உண்மையாகவே இருந்தால்?"
ரேட்டோவிடம் கேட்டேன்.
அவன் காபி இயந்திரத்தை ஓங்கித் தட்டினான்.
"அப்படியானால் நாம் முறைப்படி தவறியிருப்போம்.
முறைதவறிச் சரியாகச் சொல்வதைவிட
அது பரவாயில்லை."
வீட்டுக்குப் போகும் ரயிலில் யோசித்தேன்.
பாதிக்குமேல் பரவாயில்லை.
மீதி உறுத்திக்கொண்டே வந்தது,
காலணிக்குள் போன பனிபோல,
உருகியும் போகாமல்.

ஜூனில் மலை வெளுப்பைக் கழற்றியது.
கொட்டிலுக்கு நாற்பது மீட்டர் மேலே
லாரி அளவில் ஒரு பாறை, முனை மேல்நோக்கி.
கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள்,
நாயல்ல, நாயகன் என்று திருத்துவாரும் உண்டு.
நான் நாடாவைப் பிடித்து அளந்தேன்.
அகலம், உயரம், பிளவுக் கோணம்.
ஓட்டத்தை இரண்டாக்க அது போதும்.
கணக்கு அழகாகவே வந்தது.
மறைக்க மாட்டேன், சந்தோஷப்பட்டேன்.

காகிதத்தோடு போனேன்.
உர்சினா வைக்கோல் அள்ளுவதை நிறுத்தவில்லை.
"அந்தக் கல்லா?
அதில் உட்கார்ந்துதான் மத்தியானம் ரொட்டி தின்கிறேன்,
முப்பது வருஷமாக.
கல்லைப் பற்றி உன்னிடம் யார் கேட்டது?"
கொஞ்ச நேரம் ஆடுகள் மட்டும் மென்றன.
"நான் அந்த நேரத்தில் கொட்டிலில் ஏன் இருந்தேன் என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
சினையாடு கத்தியது. அன்று முறை ஜியோனுடையது.
அவனுக்கு இருமல். நீ படு என்று நான் போனேன்."

இருமலுக்கும் காரணம் எழுதலாம்.
வைரஸ் ஒன்று, பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு வந்தது.
எழுதினால் அவள் கேட்டதற்குப் பதிலாகாது.
எழுதாவிட்டால் ஒன்றும் குறையாது என்று
சத்தியம் செய்யவும் முடியாது.
என் படிவம் பொய் சொல்லவில்லை.
அவ்வளவுதான் அதற்காக நான் வாதாடுவேன்.

பதினான்காவது கட்டம்: பிற குறிப்புகள்.
பத்து வருஷமாகக் கோடு கிழித்தே விட்ட கட்டம்.
அதில் எழுதினேன்:
இரவு இரண்டு பத்துக்கு ஆடு ஈன்றது.
இரண்டு இருபத்தைந்துக்குப் பனி இறங்கியது.
குட்டிகள் இரண்டு.

அவள் காகிதத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்
உதடசைத்து வாசித்தாள்.
"மூன்று," என்றாள்.
"ஒன்று செத்துப் பிறந்தது."

திருத்தினேன்.